ஆண்டது சில நாள், அடித்த காசு எத்தனை?

குவின்டில்லஸ் 17 நாள்தான் ரோமை ஆண்டான் என்று பழைய வரலாற்று நூல்கள் சில சொல்கின்றன. அவன் தலை பதித்த காசை இன்றைக்கு 50 பவுண்டு சுமாருக்கு வாங்கிவிடலாம். டிடியஸ் ஜூலியானஸ் ஆண்டது 66 நாள். அவனுடைய வெள்ளிக் காசு என்றால், தேய்ந்து மூக்கு மழுங்கியதற்கே ஆயிரம் பவுண்டுக்குக் குறையாமல் கேட்பார்கள். ஆண்ட நாள் குறைந்தால் காசு அரிதாகும், அரிதானால் விலை ஏறும் என்ற நினைப்போடுதான் எல்லோரும் பழைய ரோமானியக் காசு சேர்க்கும் இந்தப் பொழுதுபோக்குக்குள் வருகிறார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் பர்ஸைத் திறக்கக் கூடாது.

அந்த மீதிப் பாதி இதுதான். எந்தெந்த ஊர் அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) அவன் கையில் இருந்தது, அந்தச் சமயத்தில் அங்கே எந்த உலோகத்தில் காசு அடித்துக்கொண்டிருந்தார்கள், எந்தப் படைக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டியிருந்தது. இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் நாளை எண்ண வேண்டும்.

நான் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங் பக்கம். இங்கே ரோமானியக் காசு அப்படியொன்றும் அரிய சரக்கு இல்லை. உழுது போட்ட வயலில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்கள் ஓயாமல் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். வார இறுதி நாணயச் சந்தைகளில் கிண்ணம் நிறையக் கொட்டி, ஒன்று சில பவுண்டு என்று விற்பார்கள். கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காசுகளை அந்தக் கிண்ணங்களில் பொறுக்கிப் பொறுக்கி எனக்குச் சலித்துப்போனது. எல்லாம் ஒரே முகம், ஒரே இரண்டு சிப்பாய், நடுவில் ஒரு கொடி. அதனால் எனக்கு நானே ஒரு வேலி போட்டுக்கொண்டேன்: ஒரு வருடத்துக்குள் கதை முடிந்துபோன சக்கரவர்த்திகள் மட்டும். மக்ரினஸ் 14 மாதம் இருந்தான், அவனுக்கு மட்டும் சலுகை. தாடி நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

இப்படி வேலி போட்டால் உடனே முட்டி நிற்கும் இடம் கி.பி. 69. நீரோ 68-ல் செத்த பிறகு, கால்பா ஏழு மாதம், ஓத்தோ மூன்று மாதம், விட்டெல்லியஸ் எட்டு மாதம், கடைசியில் வெஸ்பாசியன் வந்து உட்கார்ந்தான். இதில் ஓத்தோதான் எல்லோருக்கும் தொண்டையில் சிக்கும் முள். ஜனவரி 15-ல் பட்டம், ஏப்ரல் 16-ல் தற்கொலை. காசு குறைவு என்பது உண்மைதான். ஆனால் விலை அந்த உயரத்துக்கு ஏறியதற்குக் காரணம் அது மட்டுமில்லை. ஜூலியஸ் சீசரில் தொடங்கி டொமிஷியன் வரை 'பன்னிரண்டு சீசர்கள்' என்று ஒரு வரிசையைச் சேர்ப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். அந்த வரிசையை முடிக்க நினைக்கும் உலகத்து ஆட்கள் அத்தனை பேரும் ஓத்தோ வாசலில் வந்து நிற்கிறார்கள். அவனைவிட அரிதான, ஆனால் யாரும் வரிசையில் சேர்க்காத சக்கரவர்த்திகள் சிலர் அவனைவிட மலிவு. நீங்கள் பன்னிரண்டு பேர் வரிசைக்காகச் சேர்க்கவில்லை என்றால் ஓத்தோவைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். அவசரமே இல்லை.

ஓத்தோ விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ரோம் நகர அக்கசாலையில் அவன் பேரில் பொன்னும் வெள்ளியும்தான் அடித்தார்கள். செம்பு, பித்தளைக் காசு அங்கே அடிக்கவில்லை. அந்தியோக்கியாவிலும் அலெக்சாந்திரியாவிலும் அவனுக்கு வெண்கலக் காசு உண்டு, ஆனால் அவற்றின் சாயலே வேறு. எனவே ரோம் பாணியில் பெரிய வட்டமான ஓத்தோ வெண்கலக் காசு ஒன்றை யாராவது நீட்டினால் கையில்கூட வாங்கிப் பார்க்க வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டில் பதுவா நகரத்து ஜொவான்னி கவினோ போன்றவர்கள் பழைய பெருங்காசுகளைப் பார்த்து அழகழகாகப் புது அச்சு வெட்டினார்கள். சீசர் வரிசையை வெண்கலத்திலேயே முடிக்க ஆசைப்பட்ட பிரபுக்களுக்கு ஓத்தோ இல்லாதது பெரிய குறை. அந்தக் குறையைத் தீர்த்துவைக்கக் கைகள் இருந்தன. அந்தச் சரக்கும், அதைப் பார்த்து வார்த்த சரக்கும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அசல் ஓத்தோ டினாரியஸை, அதாவது அவனுடைய வெள்ளிக் காசைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது முடிதான். வரிசை வரிசையாகச் சுருள், ஒன்றுகூடக் கலையாமல். அவன் வைத்திருந்தது டோப்பா என்று ரோமானிய வரலாற்றாசிரியன் சூட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறான். அச்சு வெட்டியவனும் அதை மறைக்க மெனக்கெடவில்லை போலிருக்கிறது.

அடுத்த கூத்து 193. பெர்டினாக்ஸ் ஜனவரி 1-ல் வந்தான், 87-ஆம் நாள், மார்ச் 28-ல், சக்கரவர்த்தியைக் காக்க வேண்டிய பிரிட்டோரியன் காவற்படையினரே அவனை வெட்டிப்போட்டார்கள். வெட்டிய கையோடு பதவியை ஏலம் விட்டார்கள். முகாமுக்கு உள்ளே நின்று கேட்டது பெர்டினாக்ஸின் மாமனார் சுல்பிசியானஸ். மதிலுக்கு வெளியே நின்று கேட்டது டிடியஸ் ஜூலியானஸ். தலைக்கு 25,000 செஸ்டர்டியஸ் தருகிறேன் என்று ஜூலியானஸ் ஏற்றியதும் ஏலம் முடிந்தது. வெள்ளிக் கணக்கில் ஒரு வீரனுக்கு 6,250 டினாரியஸ். இவ்வளவு கொடுக்க வேண்டியவன் காசை மழையாகக் கொட்டியிருக்க வேண்டாமா? அடித்தான்தான், ஆனால் அவன் கையில் இருந்தது ரோம் அக்கசாலை ஒன்றுதான். டான்யூப் பக்கத்திலிருந்து செப்டிமியஸ் செவெரஸ் படையோடு இறங்கிவந்தான், கிழக்கே பெசென்னியஸ் நைகர் தனியாகப் பட்டம் கட்டிக்கொண்டான். ஜூன் பிறந்ததும் ஜூலியானஸ் கதை முடிந்தது.

வெள்ளியின் தரத்திலும் இந்தக் கதை தெரியும். கொமோடஸ் காலத்தில் டினாரியஸில் வெள்ளி ஏறத்தாழ 74 சதவீதம் வரை இறங்கியிருந்தது. பெர்டினாக்ஸ் அதை 87-க்குத் தூக்கினான். ஜூலியானஸ் மறுபடியும் 81 சுமாருக்கு இறக்கினான், எடையிலும் கை வைத்தான். நேர்மையாக இருக்கப் பார்த்தவன் 87 நாள், காசு கொடுத்து வாங்கியவன் 66 நாள்.

இந்த இரண்டு பேரும் நம் கைக்கு எட்ட ஒரே வழி, நன்றாகத் தேய்ந்த செஸ்டர்டியஸ். பெரிய பித்தளைக் காசு, உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். வெள்ளி வாங்கும் ஆட்கள் தேய்ந்த பித்தளைப் பக்கம் திரும்புவதில்லை. என்னிடம் இருக்கும் ஜூலியானஸ் அப்படிப்பட்டதுதான். இடப்பக்கத்து எழுத்து முழுக்கப் போய்விட்டது. முகத்தில் கண் இருந்த இடம் ஒரு குழி. ஆனால் நீண்டு இறங்கும் தாடி வெளிக்கோடு அப்படியே நிற்கிறது, வலப்பக்கம் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் 'வெர் யூலியன்' என்று எழுத்து எழுந்து வரும். இவன் முழுப்பெயரில் செவெரஸ் என்பதும் உண்டு. காசில் 'டிட் செவெர் யூலியன்' என்று வரும். அந்த வால் எழுத்து போதும், ஆள் இவன்தான் என்று உறுதி சொல்ல. விலை வெள்ளியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கேதான் என் முதல் விதி பிறந்தது. குறுகிய கால ஆட்களின் காசில் நாம் பணம் கொடுப்பது பெயருக்கு. அழகான முகம், பளபளப்பு, நடுவாக விழுந்த அச்சு எல்லாம் அப்புறம். பெயர் தகட்டுக்கு வெளியே போய்விட்ட காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நாளைக்கு விற்கப்போனால் அது யார் என்று நீங்கள் வாதாடிக்கொண்டிருக்க வேண்டும்.

238-ஐப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவதே தெரியாது. ஒரே வருடத்தில் ஆறு பேர். ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியாவின் எல் ஜெம் ஊரில், வரிக்கொடுமை தாங்காமல் ஒரு கலவரம். 80 வயதை ஒட்டிய ஆளுநர் கோர்டியனைப் பிடித்து, வேண்டாம் வேண்டாம் என்றவன் தோளில் சக்கரவர்த்திக்குரிய ஊதா அங்கியைப் போட்டார்கள். அவன் மகனையும் சேர்த்துக்கொண்டான். மூன்று வாரம். நுமிடியாவிலிருந்து கப்பெலியானஸ் படையோடு வந்தான், மகன் சண்டையில் செத்தான், செய்தி கேட்ட அப்பன் தூக்கு மாட்டிக்கொண்டான். அந்த இரண்டு பேரும் ஆட்சிக்காலத்தில் ரோமில் கால் வைக்கவே இல்லை. ஆனால் அவர்கள் காசு அடிக்கப்பட்டது ரோமில், செனட் சபை அவர்கள் பக்கம் சாய்ந்ததால். கார்த்தேஜிலிருந்து கடல் தாண்டிச் சாவுச் செய்தி வந்து சேரும்வரை அக்கசாலை அடித்துக்கொண்டிருந்திருக்கும். அப்படிப் பார்த்தால், அந்தக் காசுகளில் கொஞ்சமாவது செத்துப்போனவர்களின் பேரில் அடித்தவை.

அப்பனையும் மகனையும் எப்படிப் பிரிப்பது? எழுத்து ஒன்றேதான். முகத்தில்தான் வித்தியாசம். கிழவனுக்குக் கன்னம் ஒட்டி, நெற்றிக்கு மேலே முடி நிற்கும். மகன் சதைப்பிடிப்பானவன், முன்வழுக்கை ஏறியிருக்கும். அப்பனுக்கு முடி, மகனுக்கு வழுக்கை என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமானது, இவர்களைப் பேரன் மூன்றாம் கோர்டியனிடமிருந்து பிரிப்பது. பேரன் ஆறு வருடம் இருந்தான், காசு அள்ள அள்ளக் கிடைக்கும். பெரியவர்கள் இருவர் காசிலும் பெயருக்குப் பின்னால் ஏ, எஃப், ஆர் என்று மூன்று எழுத்து இருக்கும். ஆப்பிரிக்கானஸ் என்ற பட்டத்தின் சுருக்கம். பேரன் காசில் அது இருக்காது. ஒரு சந்தையில் 'முதலாம் கோர்டியன், டினாரியஸ்' என்று சீட்டு எழுதி, நம்ப முடியாத மலிவில் ஒன்று வைத்திருந்தார்கள். எடுத்துத் திருப்பினேன். மீசை முளைக்காத பையன் முகம். அந்த மூன்று எழுத்தும் இல்லை. கடைக்காரரிடம் சொன்னேன். "அப்படியா? மொத்தமாக ஒரு சேகரிப்பு வாங்கினேன், சீட்டு அவர்கள் எழுதியது" என்று சொல்லிவிட்டு, சிரித்தபடியே சீட்டைக் கிழித்துப் போட்டார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இணையத்தில் தனி ஆட்கள் விற்கும் 'முதலாம் கோர்டியன்' காசுகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்தப் பேரன்தான்.

அந்த அப்பனும் மகனும் போனதும் செனட் தன் ஆட்கள் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைத்தது, பல்பினஸ், புபியெனஸ். இவர்கள் வெளியிட்ட அன்டோனினியானஸ் காசுதான் என் பெட்டியிலேயே எனக்குப் பிடித்தது. பின்பக்கம் வேறொன்றும் கிடையாது, இறுகப் பற்றிக்கொண்ட இரண்டு வலக்கைகள். சுற்றிலும் 'இருவரின் பரஸ்பர அன்பு', 'பரஸ்பர நம்பிக்கை', 'பரஸ்பர பக்தி' என்று விதவிதமாக எழுத்து. எழுத்தின் கடைசியில் ஏ, வி என்று போட்டு ஜி இரண்டு முறை வரும். இரண்டு ஜி என்றால் இரண்டு அகஸ்டஸ், அதாவது இரண்டு சக்கரவர்த்தி. நிஜத்தில் ஒருவனுக்கு ஒருவன் ஆகாது. காவற்படை கொல்ல வருகிறது என்று தெரிந்தபோதும், மற்றவன் சூழ்ச்சியோ என்று சந்தேகப்பட்டு, உதவிக்குப் படை அழைப்பதில்கூட இழுபறி. சுமார் 99 நாளில் இருவரையும் இழுத்துப்போட்டுக் கொன்றார்கள். என் காசில் அந்தக் கைகளில் ஒன்றின் கட்டைவிரல் நகம்வரை தெரிகிறது.

அன்டோனினியானஸ் என்பது கரகல்லா 215-ல் கொண்டுவந்த காசு. வெள்ளிக் காசில் ராஜா தலையில் கதிர்க் கிரீடம் இருந்தால் அது இதுதான். இரண்டு டினாரியஸ் மதிப்பு என்றார்கள், உள்ளே ஒன்றரை டினாரியஸ் வெள்ளிதான். இடையில் நின்றுபோய், பல்பினஸும் புபியெனஸும் மறுபடி தொடங்கினார்கள். அதற்குப் பிறகு முப்பதே வருடத்தில் இதில் வெள்ளி இரண்டு, மூன்று சதவீதத்துக்கு வந்துவிட்டது. பேருக்கு மேலே ஒரு வெள்ளிப் பூச்சு, உள்ளே செம்பு. காசின் மதிப்பு விழ விழ, அதே சம்பளத்துக்கு மேலும் மேலும் அடிக்க வேண்டும். 260-களிலும் 270-களிலும் அக்கசாலைகள் கொட்டிய அளவுக்கு அதற்கு முன்னால் யாரும் கொட்டவில்லை. குவின்டில்லஸ் மலிவாக இருப்பதன் ரகசியம் இதுதான். அவன் வந்தது 270-ல், கொள்ளைநோயில் செத்த அண்ணன் இரண்டாம் கிளாடியஸின் இடத்துக்கு. ரோம், மிலான், சிசியா, சிசிக்கஸ் நான்கு அக்கசாலையும் ஓடிக்கொண்டிருந்தபோது அப்படியே கைக்கு வந்தன. அச்சில் தலையை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த நான்கில் சிசிக்கஸ் என்ற பெயரைக் கவனியுங்கள். அது மர்மரா கடல் ஓரம், இன்றைய துருக்கி. குவின்டில்லஸ் இருந்ததோ இத்தாலியின் வடகிழக்கு மூலையில், அக்விலேயாவில். செய்தி அங்கே போய், படம் போய், அச்சு வெட்டி, காசு அடித்து, எல்லாம் 17 நாளிலா? கி.பி. 354-ஐச் சேர்ந்த ஒரு காலக்குறிப்பு 77 நாள் என்கிறது. காசைக் கையில் வைத்திருப்பவனுக்கு 77 பக்கம் சாயத்தான் தோன்றும்.

இதை வீட்டில் விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். புதுசாக எது வந்தாலும் "இவன் எத்தனை நாள்?" என்று கேட்பது என் மனைவியின் வழக்கம்.

"பதினேழு. இல்லேன்னா எழுபத்தேழு."

"அதுகூடத் தெரியாமலா காசு குடுத்து வாங்கினீங்க?"

மரியஸ் கதையும் இதே ரகம். கால் நாட்டில் (இன்றைய பிரான்ஸ் வட்டாரம்) தனியாட்சி நடத்திய போஸ்துமஸ், 269-ல் லேலியானஸின் கலகத்தை அடக்கிவிட்டு, மைன்ஸ் நகரைக் கொள்ளையடிக்கத் தன் படைக்கு அனுமதி மறுத்தான். படை அவனையே கொன்றது. அடுத்து வந்தவன் மரியஸ், முன்னாள் கொல்லன். முதல் நாள் பட்டம், இரண்டாம் நாள் ஆட்சி, மூன்றாம் நாள் சாவு என்று 'இஸ்டோரியா அகஸ்டா' என்ற பழைய சக்கரவர்த்திகள் வரலாற்று நூல் கிண்டலாக எழுதுகிறது. அவன் செய்த வாளாலேயே அவனைக் குத்தினார்களாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று நாளில் இரண்டு அக்கசாலைகளில், விதவிதமான பின்பக்கங்களோடு இத்தனை காசு அடிக்க முடியாது. சில மாதமாவது இருந்திருக்க வேண்டும்.

காசு ஒரு சக்கரவர்த்தியையே மீட்டுக் கொடுத்ததும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குப் போனால் சால்குரோவ் புதையலைக் கேட்டுப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 2003-ல் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் வயலில் கிடைத்த பானை, உள்ளே ஒட்டிப்போன ஏறத்தாழ 5,000 காசுகள். பிரித்துச் சுத்தம் செய்தபோது ஒன்றில் டொமிஷியன் என்ற பெயர். முதல் நூற்றாண்டு டொமிஷியன் இல்லை. கதிர்க் கிரீடம், தாடி, 271 வாக்கில் கால் நாட்டில் எழும்பி மறைந்த இன்னொருவன். இதே பெயரில் ஒரு காசு 1900-லேயே மேற்கு பிரான்சில் கிடைத்திருந்தது. ஒன்றே ஒன்று என்பதால், போலி என்று ஒதுக்கியிருந்தார்கள். இரண்டாவது வந்ததும், இரண்டும் ஒரே அச்சு என்று தெரிந்தது. பழைய காசும் அசல், ஆளும் நிஜம் என்று ஆனது. இதைச் சேர்க்க முடியுமா என்று கேட்காதீர்கள். இரண்டும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

சரி, போலிகள். பெயருக்கு விலை என்றேன் அல்லவா, போலி செய்பவனுக்கும் அது தெரியும். மலிவான காசில் இரண்டு மூன்று எழுத்தைச் செதுக்கி மாற்றினால் விலை இருபது மடங்கு. இதைப் பிடிக்க, எழுத்தை மட்டும் பார்க்காமல் எழுத்துக்கு நடுவே இருக்கும் தளத்தைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பும், பக்கவாட்டில் பிடித்த விளக்கும் போதும். அச்சில் விழுந்த எழுத்தைச் சுற்றித் தளம் இயல்பாக ஓடும். செதுக்கிய எழுத்தைச் சுற்றி மட்டும் பள்ளம் தட்டும், அங்கே களிம்பின் நிறமும் மாறும். வார்ப்புப் போலி என்றால் விளிம்பில் அரம் போட்ட தடம், மேலே நுண்ணிய குழிகள், எழுத்தில் சோப்பு கரைந்த மாதிரி ஒரு மழுக்கம். மூன்றாவது சோதனை எனக்கு மிகவும் உதவியது. பழைய ஏலப் பதிவுகள் இணையத்தில் படத்தோடு கிடைக்கின்றன; அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் இலவசப் பட்டியலும் இருக்கிறது. அதே வகைக் காசுகளைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே அச்சு என்பது தவறில்லை, அரிய ஆட்களுக்கு அச்சே சிலதான். ஆனால் ஒரே அச்சோடு, ஒரே இடத்தில் வெடிப்பு, ஒரே இடத்தில் நசுங்கல், ஒரே மாதிரி கோணலான விளிம்பு என்று இரண்டு காசு இருந்தால் இரண்டில் ஒன்றாவது வார்ப்பு.

எடை பார்ப்பது டினாரியஸுக்கு உதவும். நீரோ சீர்திருத்தத்துக்குப் பிறகு, முதல் நூற்றாண்டு டினாரியஸ் 3.4 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் செம்பு மேல் வெள்ளி போர்த்திய பழங்காலக் கள்ளக்காசாக இருக்கலாம். தேய்ந்த இடத்தில் சிவப்பு எட்டிப்பார்க்கும். அதுவும் அந்தக் காலத்துப் பொருள்தான், தெரிந்து வாங்கினால் தப்பில்லை, விலையும் குறைவு. 270-ஐச் சேர்ந்த அன்டோனினியானஸுக்கு எடை எதையும் சொல்லாது. அக்கசாலைக்கே அதில் கவலை இருக்கவில்லை.

ஏலத்தில் வாங்கினால் சுத்தி விழுந்த விலை இறுதி விலை இல்லை. வாங்குபவர் கட்டணம் 20-லிருந்து 25 சதவீதம், அதற்குப் பிறகு தபால், வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வந்தால் இறக்குமதியில் 5 சதவீதம். 100 என்று கையைத் தூக்கினால் 140-ல் வந்து நிற்கும். என் வரம்பை எல்லாம் சேர்த்த தொகையில் எழுதி வைத்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஏலம் கேட்பேன். பழைய சீட்டு, எந்தச் சேகரிப்பிலிருந்து வந்தது என்ற குறிப்பு, ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். இங்கே 1996-ஆம் வருடப் புதையல் சட்டப்படி, 300 வருடத்துக்கு மேற்பட்ட பொன், வெள்ளிக் காசு இரண்டு ஒரே இடத்தில் கிடைத்தாலே அறிவிக்க வேண்டும். மற்ற உலோகம் என்றால் பத்து. எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

ஊரிலிருந்து உறவினர் ஒருவர், "மாப்ளே, கரூர்ப் பக்கம் ஆத்துல ரோமன் காசு கெடைக்குதாம், வேணுமா?" என்று போனில் கேட்டார். வேண்டாம் மாமா என்றேன். இந்தியாவில் 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனி ஆள் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. தவிர, தமிழ்நாட்டு வெள்ளிப் புதையல்களில் பெரும்பாலும் இருப்பது அகஸ்டஸும் டைபீரியஸும்தான். நம் ஆட்கள் வெள்ளியின் தரம் பார்த்து வாங்கியவர்கள். 64-ல் நீரோ தரத்தைக் குறைத்த பிறகு வந்த டினாரியஸுக்கு இங்கே வரவேற்பு இல்லை. ஓத்தோ அமராவதி மணலில் கிடைப்பான் என்று காத்திருக்க வேண்டாம்.

வாங்கியதைக் கெடுக்காமல் வைப்பதும் வேலைதான். மெத்தென்று இருக்கும் பிவிசி உறைகளில் போடாதீர்கள், வருடம் போகப் போகப் பச்சைப் பிசின் ஒட்டும். விறைப்பான மைலார் உறை அல்லது மரத்தட்டு. பழைய வெள்ளி உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும், கீழே விழுந்தால் பிஸ்கட் மாதிரி உடையும். எப்போதும் மேசை மேல் துணி விரித்து அதன் மேலேயே கையாளுங்கள். எலுமிச்சை, புளி, பல்பொடி எதுவும் காசுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. அன்டோனினியானஸில் மிஞ்சியிருக்கும் வெள்ளிப் பூச்சு ஒரு தேய்ப்பில் போய்விடும். செம்புக் காசில் வெளிர்பச்சைத் தூள் உதிர ஆரம்பித்தால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் எதை முதலில் வாங்கலாம்? ஜோவியன். 363-ல் சக்கரவர்த்தி ஜூலியன் பாரசீகப் போரில் செத்ததும், போர்க்களத்திலேயே பட்டம் கட்டிய ஆள், எட்டு மாதம். சின்னச் செம்புக் காசு, பின்பக்கம் மலர் வளையத்துக்குள் எழுத்து, விலை குவின்டில்லஸ் அளவுதான். அப்புறம் குவின்டில்லஸ், 276-ல் வந்த ஃபுளோரியன், 253-ல் மூன்று மாதம் இருந்த எமிலியன். இவ்வளவு கையில் வந்த பிறகு பல்பினஸுக்குச் சேமிக்கலாம்.

நான் இப்போது கண் வைத்திருப்பது வெட்ரானியோ. 350 மார்ச்சில் படை அவனுக்குப் பட்டம் கட்டியது, டிசம்பர் 25-ல் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் முன்னால் அவனே முடியைக் கழற்றி வைத்தான். மானியம் வாங்கிக்கொண்டு ஆறு வருடம் நிம்மதியாக இருந்து செத்தான். என் பெட்டியில் இப்படி ஒருவன் இதுவரை இல்லை. சிசியாவில் அடித்த ஒன்று அடுத்த ஏலத்துக்கு வருகிறது. பின்பக்கத்தில் கொடியோடு நிற்கும் அரசனுக்கு வெற்றித் தெய்வம் மாலை சூட்டும் அதே படத்தை அவன் கான்ஸ்டன்டியஸ் பேரிலும் அடித்தான், அதுதான் அதிகம் கிடைக்கும். அதனால் படத்தைப் பெரிதாக்கித் தலைப்பக்கத்து எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டேன். வெட்ரானியோதான். மூக்குக்கு மேலே ஒரு கீறல் இருக்கிறது, அதனால் போட்டி கொஞ்சம் குறையலாம். கட்டணம், தபால் எல்லாம் சேர்த்து வரம்பைத் தாண்டினால் விட்டுவிடுவேன்.